மென்பொருள் முகவர் ஆராய்ச்சி தோட்டத்துக்கு வர வேண்டும்

மலேசியாவின் மந்தினிலிருந்து பழைய நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்பவர் முதலில் செமினியையும் அதன்பின் காஜாங்கையும் அடைவார். செமினியில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. காஜாங்கை அடுத்துள்ள தெனாகா நேஷனல் பல்கலைக்கழகமோ மென்பொருள் முகவர் என்னும் ஒரு துறைக்கென்றே தனி ஆய்வு மையம் அமைத்து, அதன்வழி கட்டுரைகள் பலவற்றை உலக மாநாடுகளுக்கு அனுப்பிய பெருமைக்குரியது. மேற்கே நீலாயிலும் உயர்கல்வி நிலையங்கள் உண்டு. இவ்வளவு வித்தியா ஸ்தானங்களுக்கும் நடுவே, ஒரு காலத்தில் ரப்பர் எனும் பால்மரமும் இன்று பெரும்பாலும் செம்பனையுமாக நிற்கும் தோட்டங்களில், விடியற்காலை தொடங்கி நூற்றுக்கணக்கான சிறு சிறு தீர்மானங்களைச் செய்து வாழ்கிற மக்கள் இருக்கிறார்கள். கணிப்பொறி முகவர்கள் எவ்வாறு தீர்மானிக்க வேண்டும் என்று ஆராய்பவர்களும், தீர்மானிப்பதையே ஜீவனமாகக் கொண்ட இம்மக்களும் ஒருவரையொருவர் சந்திப்பதற்கு வழி இல்லாதிருப்பது, இரு தரப்பாருக்கும் பெரிய நஷ்டம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

மென்பொருள் முகவர் என்பது, கொடுத்த கட்டளையைக் கொடுத்த வரிசையில் செய்து முடித்து ஓய்ந்துவிடும் சாதாரண நிரலன்று. தன்னைச் சூழ்ந்துள்ள நிலைமையை இடைவிடாது கவனித்து, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட நோக்கத்தை முன்னிறுத்தி, அதற்கு இத்தருணத்தில் எது உகந்ததோ அதைத் தானே தீர்மானித்து, தன்னையொத்த பிற முகவர்களோடு இணங்கியும் பேரம் பேசியும் காரியத்தை நடத்திச் செல்லும் நிரலுக்கே அப்பெயர் பொருந்தும். இத்துறையின் மூத்த முறைகளில் ஒன்றை ரீட் ஸ்மித் என்பவர் 1980ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு முகவர் ஒரு வேலையை அறிவிக்க, அதைச் செய்ய வல்ல மற்ற முகவர்கள் தத்தம் நிலையைச் சொல்லி முன்வர, அவர்களுள் தக்கவரிடம் வேலை ஒப்படைக்கப்படும் என்பதே அதன் சாரம். விடியுமுன், தொழிலாளரைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று, இன்று வராதவனுடைய மர நிரையை யார் எடுத்துக்கொள்வது என்று மேற்பார்வையாளரான மண்டோர் கேட்க, பக்கத்து நிரைக்காரர் முன்வர, அவர் பெயருக்கு அந்த வேலை எழுதப்படுவதைக் கண்டவர்களுக்கு இம்முறையை விளக்க வேண்டிய அவசியமே இராது. ஆனால் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்த வேறு சில விஷயங்கள் உண்டு: முன்வந்தவர் தம் சக்தியை மிகைப்படுத்திச் சொல்லியிருக்கலாம், முன்வராதவர் நேற்றும் இரு நிரை வெட்டிக் களைத்தவராக இருக்கலாம், வேலையைப் பகிர்ந்தளிப்பவருக்கே ஒருபக்கச் சார்பு இருக்கலாம். இத்தகைய கேள்விகளை ஆய்வுக்கூடத்து மேசை தானாக எழுப்புவதில்லை. எழுப்பினாலும் அவற்றுள் எது முக்கியம், எது அற்பம் என்று அந்த மேசையால் சொல்ல முடியாது.

இத்துறையினர் இவ்வுண்மையை அறியாதவர்களல்லர். மைக்கேல் வுல்ட்ரிட்ஜ், நிக்கோலஸ் ஜென்னிங்ஸ் ஆகிய இருவரும் 1995ஆம் ஆண்டில் அறிவார்ந்த முகவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, தன் தலைப்பிலேயே சித்தாந்தத்தையும் நடைமுறையையும் இணைத்துப் பேசியது. மறு ஆண்டே, முகவர்களின் நடைமுறைப் பிரயோகத்திற்கென்று தனி மாநாடொன்று லண்டன் நகரில் கூடியது. 1998ஆம் ஆண்டில் அதே இருவரும், முகவர்களைக் கொண்டு அமைப்புகளைக் கட்டுவோர் விழக்கூடிய குழிகளைத் தொகுத்து எழுதினார்கள். முகவர்களால் ஆகாத காரியமில்லை என்று விளம்பரம் செய்வதும், தாம் எழுதுவது கடைசியில் ஒரு மென்பொருளே என்பதை மறந்துவிடுவதும், ஒன்றிரண்டு போதுமான இடத்தில் முகவர்களைக் கூட்டம் கூட்டமாகப் படைப்பதும் அவர்கள் எடுத்துக்காட்டிய பிழைகளுள் சில. இன்று மொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட புதிய தலைமுறை முகவர்களைப் பற்றி எங்கும் பேச்சாக இருக்கிறது. நம் அரசாங்கமும் 2024 டிசம்பரில் தேசிய செயற்கை நுண்ணறிவு அலுவலகத்தைத் தொடங்கி வைத்திருக்கிறது. இந்த உற்சாக வேளையில் அந்தப் பழைய எச்சரிக்கையை எடுத்துப் படிப்பவர், அது நேற்று எழுதப்பட்டதோ என்று ஐயுறுவார்.

பிரயோகம் என்பது ஆராய்ச்சி முழுவதும் முடிந்தபிறகு உலகுக்கு அளிக்கும் பிரசாதம் என்றே பலரும் கருதுகிறார்கள். மேலே சித்தாந்தம், கீழே அதன் உபயோகம் என்ற இந்த ஏற்பாட்டில், உபயோகத்தில் ஈடுபடுவோர் இரண்டாந்தர ஆராய்ச்சியாளர்களாக எண்ணப்படுகிறார்கள். உண்மையில் நடந்த வரலாறோ வேறு விதமாக இருக்கிறது. ஆனந்த் ராவ், மைக்கேல் ஜார்ஜெஃப் ஆகியோர் மெல்போர்னில் இருந்துகொண்டு, நம்பிக்கை, விருப்பம், சங்கற்பம் என்ற மூன்றையும் அடிப்படையாகக் கொண்ட முகவர் கொள்கையை வளர்த்த காலத்திலேயே, சிட்னி விமான நிலையத்தில் வந்திறங்கும் விமானங்களை வரிசைப்படுத்தும் அமைப்பு ஒன்றிலும் உழைத்தார்கள். அதில் ஒவ்வொரு விமானத்திற்கும் ஒரு முகவர் உண்டு. காற்றின் போக்கைக் கணிக்கவும் வரிசையை வகுக்கவும் தனித்தனி முகவர்கள் உண்டு. யோசித்து முடிப்பதற்குள் உலகம் மாறிவிடுகிற அத்தகைய இடத்தில், எடுத்த முடிவை ஒவ்வொரு கணமும் மறுபரிசீலனை செய்கிற முகவர் எக்காரியத்தையும் செய்து முடிக்காது. ஒருபோதும் மறுபரிசீலனை செய்யாத முகவரோ விபத்தில் கொண்டுபோய் விடும். சங்கற்பம் என்ற மூன்றாவது அம்சம் முகவருக்கு ஏன் இன்றியமையாதது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் கிடைப்பது அரிது.

இதனினும் நமக்கு நெருங்கிய திருஷ்டாந்தம் நம் நாட்டுக் காட்டிலேயே இருக்கிறது. இந்தியாவில் பிலானியில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கும் மிலிந்த் தாம்பேயும் அவருடைய மாணவர்களும், காவலரும் குற்றவாளியும் ஒருவரை எதிர்நோக்கி ஒருவர் ஆடும் ஆட்டமாகப் பாதுகாப்புப் பிரச்சினையை வகுத்து, 2007ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் சோதனைச் சாவடிகளை எப்போது எங்கே அமைப்பது என்பதை முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி திட்டமிடும் அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதே தத்துவத்தைக் காட்டு விலங்குகளைக் காக்கும் பணிக்குத் திருப்ப முனைந்தபோது, அந்த அமைப்பு முதலில் உகாண்டாவிலும் பின்னர் மலேசியத் தீபகற்பத்தின் காட்டிலும் சோதிக்கப்பட்டது. இங்கே ரிம்பா, பந்தேரா ஆகிய வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்புகள் ஆராய்ச்சியாளர்களுக்குத் துணை நின்றன. மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று தேசியக் கணக்கெடுப்பு அறிவித்திருக்கும் நிலையில், இது வெறும் கணித விளையாட்டாக இருக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காட்டில் நடந்ததுதான் நாம் நின்று கவனிக்க வேண்டியது. கணிப்பொறி காட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்திற்குக் காவலர் நடந்து செல்வார் என்று எண்ணி ரோந்து வழியை வகுத்தது. காகிதத்தில் குறுகியதாகத் தோன்றிய அவ்வழி, மலையில் செங்குத்தாக ஏறி இறங்கியது. நீர்நிலைகளின் குறுக்கே சென்றது. மலைக்காட்டில் நடந்து பழகிய எவரும் அப்படிப் போகமாட்டார். அவர்கள் மலையின் முகட்டு வரி வழியாகவோ, ஆற்றோரமாகவோ, பழைய மரம் வெட்டும் பாதை வழியாகவோ செல்வார்கள். காவலர் மட்டுமல்லர், விலங்குகளும் அப்படியே செல்கின்றன. வேட்டைக்காரரும் அப்படியே செல்கிறார்கள். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் தங்கள் சதுரக் கட்டங்களை விட்டு, முகடுகளையும் ஆறுகளையும் பாதைகளையும் தெருக்கள் போலத் தொடுத்த வரைபடம் ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. அதற்கேற்பக் கணக்கு முறையும் மாறியது. எந்த இடத்தில் எத்தனை விலங்கு என்பது நிச்சயமாகத் தெரியாத நிலையிலும் தக்க வழியைத் தேர்வது எப்படி என்ற புதிய பிரச்சினையும் எழுந்து, அதற்கும் விடை தேடப்பட்டது. அக்குழுவைச் சேர்ந்த ஃபெய் ஃபாங் முதலானோர் 2016ஆம் ஆண்டில் இவ்வனுபவத்தை எழுதி வெளியிட்டார்கள்.

காட்டில் திருத்தப்பட்டது நடக்கும் வழி ஒன்று மட்டுமன்று. ஆட்டச் சித்தாந்தத்தின் மூல வடிவம், எதிராளி தனக்கு எது அதிக லாபமோ அதைப் பிசகின்றிக் கணக்கிட்டுச் செய்வான் என்று கொள்கிறது. கண்ணி வைக்க வரும் மனிதன் அப்படிப்பட்ட கணித மேதையல்லன். அவனுக்குப் பழக்கம் உண்டு, அச்சம் உண்டு, சோம்பலும் உண்டு. ஆகவே, முழு அறிவோடு நடவாத மனிதனை எவ்வாறு கணக்கில் கொள்வது என்ற ஆராய்ச்சி இப்பிரயோகங்களோடு சேர்ந்தே கிளைத்து வளர்ந்தது. பிரயோகம் சித்தாந்தத்திற்குச் செய்த உபகாரம் இது. கதவைச் சாத்திக்கொண்டு யோசித்த எவரும், காவலருடைய முழங்கால் வலியிலிருந்து ஒரு புதிய கணித முறை பிறக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நம் பகுதி மக்களுக்கு இது புதிய பாடமன்று. பால்மரத்தின் சரித்திரமே இதுதான். இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஆனால் மரம் இருந்தும் அதைச் சேதப்படுத்தாமல் பால் எடுக்கும் வழி தெரியாதிருந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொத்திப் புண்ணாக்காமல், வெட்டிய இடத்தையே மெல்லிய சீவலாக மறுபடி மறுபடி திறக்கும் முறையை மரங்களிடமே பரீட்சித்துக் கண்டறிந்தார். திறக்கத் திறக்கப் பால் பெருகும் என்ற தாவர சாஸ்திர உண்மையும் அந்தக் கைவேலையிலிருந்தே வெளிப்பட்டது. பின்னர் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஆய்வுக்கூடம் ஒன்றோடு திருப்தி அடையாமல், சுங்கை பூலோவில் தனக்கென ஒரு சோதனைத் தோட்டத்தையே வைத்துக்கொண்டது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று தோட்டத்தார் வாயில் இன்றும் வழங்கும் மர இனம் அந்தக் கழகம் அளித்ததுதான். உளியும் பால் ஏந்தும் மங்குமாக இருட்டில் நிரைக்குச் சென்றவர்கள், வெயில் ஏறுவதற்கு முன்பே பால் அதிகம் என்பதையும், வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ வேண்டும் என்பதையும் கையால் அறிந்திருந்தார்கள். மரத்தின் நீரழுத்தமும் பால்குழாய்கள் பட்டையில் சற்றே சாய்ந்து ஓடுவதும் அதற்குக் காரணம் என்று சாஸ்திரம் விளக்கியது. நான் கேட்பதெல்லாம் இதுதான்: மரத்துக்கென்று ஒரு சோதனைத் தோட்டம் இன்றியமையாதது என்று ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே உணர்ந்த நாட்டில், முகவர் ஆராய்ச்சிக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை?

இவ்வாறு சொல்வதனால் சித்தாந்தத்தைக் குறைத்து மதிக்கிறேன் என்று எவரும் கொள்ளலாகாது. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திற்கு உதவிய ஆட்டக் கணக்கின் வேர், ஹைன்ரிக் ஃபான் ஷ்டாக்கல்பெர்க் என்ற ஜெர்மன் பொருளியலார் சந்தைப் போட்டியைப் பற்றி 1934ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இருக்கிறது. மெல்போர்ன் ஆராய்ச்சியாளர் கையாண்ட சங்கற்பக் கொள்கையோ மைக்கேல் பிராட்மன் என்ற தத்துவ ஆசிரியர் 1987இல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. இவர்கள் இருவரும் எந்த இயந்திரத்தையும் மனத்தில் கொண்டு எழுதியவர்களல்லர். அத்தகைய சிந்தனைக்கு உபயோகம் என்ன என்று அவசரப்பட்டுக் கேட்கிற சமுதாயம் தன் வேரையே வெட்டிக்கொள்ளும். அந்த வேர் எங்கே ஊன்ற வேண்டும் என்பதுதான் நாம் பேசும் விஷயம்.

செம்பனைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மரத்தடியில் உதிரிப் பழங்கள் விழத் தொடங்கினால் குலை பழுத்தது என்று அர்த்தம்; பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை வெட்டுக்காரர் அதே மரத்திற்குத் திரும்ப வேண்டும்; பிந்தினால் பழம் உதிர்ந்து வீணாகும், முந்தினால் எண்ணெய் குறையும். வெட்டிய குலை அடிபட்ட கணத்திலிருந்தே அதனுள் கொழுப்பமிலம் ஏறத் தொடங்குவதால், 24 மணி நேரத்திற்குள் அது ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆலையிலோ நேற்றைய குலைகளே குவிந்திருக்கும். லாரி ஒன்று பழுதாகியிருக்கும். மழை பெய்து மண் பாதை வழுக்கும். வெட்டுக்காரர் இருவர் வராதிருப்பர். குலை சேர்க்கும் மேடை ஒவ்வொன்றுக்கும், லாரி ஒவ்வொன்றுக்கும், ஆலைக்கும் ஒரு முகவர் என்று வைத்து, அவை தமக்குள் அறிவித்தும் ஏற்றும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளச் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான களம் எங்கே கிடைக்கும்? மாநாட்டுக் கட்டுரைகளில் கற்பனைக் கிடங்குகளையும் கற்பனை இயந்திரங்களையும் வைத்துச் செய்யப்படும் பரீட்சையில், தொலைபேசி அலை பள்ளத்தில் கிடைக்காமற் போவதில்லை. மண்டோர், “அந்த ரோட்டில் இன்றைக்கு லாரி ஏறாது” என்று மறுப்பதுமில்லை. அம்மறுப்பில் அடங்கியிருக்கும் அறிவை முகவருக்கு எவ்வாறு உணர்த்துவது என்பது, இத்துறையின் மிக ஆழமான கேள்விகளுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

இங்கே இன்னொரு விஷயமும் எழுகிறது. அதைச் சொல்லாமல் விடுவது தோட்ட மக்களுக்குச் செய்யும் துரோகமாகும். லாரிக்குரிய முகவரிடம் எரிபொருள் செலவைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தைக் கொடுத்தால், அது ஒதுக்குப்புறமான மேடைக்கு எப்போதும் கடைசியாகவே போகும். குலை அங்கே காய்ந்து தரம் குன்றும்; எடைக் கணக்கில் கூலி வாங்குகிற, அந்தப் பக்கத்து வெட்டுக்காரரின் வருமானம் காரணம் தெரியாமலே குறையும். வெட்டுக்காரர் எத்தனை நிமிஷம் மரத்தடியில் உட்கார்ந்தார் என்று எண்ணுவதற்கும் இதே தொழில்நுட்பத்தைத் திருப்ப முடியும். ஆகையால், நடைமுறைப் பிரயோகம் வேண்டும் என்று சொல்கிறவர்கள், யாருடைய நடைமுறை, யார் வகுத்த நோக்கம் என்பதையும் உடன் கேட்டே ஆகவேண்டும். தோட்டத்தில் ஆராய்ச்சியின் பலன் நெடுங்காலம் துரைமாரின் கணக்கில் மட்டுமே ஏறியது. மரத்தின் விளைச்சல் பெருகியபோதும் லயத்தின் கூரை மாறவில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அதே அநீதியை மறுபடியும் செய்வதற்கு ஆராய்ச்சி என்ற புனிதப் பெயர் உதவக்கூடாது.

ஆராய்ச்சியாளர் களத்தில் நிற்பது இந்த ஆபத்துக்கும் ஓரளவு மருந்தாகும். மும்பையில் ஆர்ம்மன் என்ற தொண்டு நிறுவனம், கர்ப்பிணிகளுக்கும் இளந்தாய்மாருக்கும் தொலைபேசி வழியே சுகாதாரச் செய்திகளை அனுப்பி வருகிறது. செய்திகளைக் கேட்பதை நிறுத்திவிடும் தாய்மாருள் எவரைச் சுகாதாரப் பணியாளர் தாமே தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும் என்பதைத் தேரும் முறையை, மேற்சொன்ன தாம்பேயின் குழுவினர் சுமார் 23,000 தாய்மாரிடையே முறையாகச் சோதித்துப் பார்த்த பிறகே நடைமுறைக்குக் கொடுத்தார்கள். பலன் யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்கே சேர்கிறதா என்று அளந்த பிறகே முன் சென்ற அந்த நிதானம் போற்றத்தக்கது.

அத்தகைய நிதானத்தோடு நம் பக்கத்தில் தொடங்குவதற்குத் தகுதியான ஸ்தாபனம் ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் தங்கள் சேமிப்பைச் சேர்த்துத் தாங்களே நிலத்திற்கு உடைமையாளராக வேண்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளியின் பங்குப் பணத்தில் எழுந்த அச்சங்கம் இன்றும் தோட்டங்களை நடத்தி வருகிறது. ஆதாயம் அங்கத்தினருக்கே திரும்பும் அத்தகைய தோட்டத்தில் முகவருக்கு நோக்கம் வகுக்கும்போது, வெட்டுக்காரருடைய நலனும் அதில் இடம் பெற வேண்டும் என்று கேட்க உரிமையுள்ளவர்கள் இருப்பார்கள். காஜாங்கிலும் செமினியிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் அச்சங்கத்தை அணுகி, ஒரு தோட்டத்தை ஐந்தாண்டுகளுக்கு ஆய்வுத் தோட்டமாகக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே நான் முன்வைக்கும் யோசனை. ரப்பர் விஷயத்தில், பெருந்தோட்டங்களைவிடச் சிறு தோட்டக்காரர்களிடமே இன்று பெரும்பகுதி நிலம் இருப்பதால், பின்னர் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவுகோலையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் ஓராண்டு தோட்டத்தில் கழித்து, தம் அமைப்பு மூன்றாம் வாரத்தில் ஏன் தடுமாறியது என்பதைத் தெளிவாக எழுதிக் கொண்டுவந்தால், அதைக் கட்டுரையாகவே கணக்கில் கொள்ளாத வழக்கம் இருக்கிறவரை, அவர் கற்பனைக் கிடங்கையே நாடுவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. முனைவர் பட்டத்திற்கு வரும் முகவர் ஆய்வுகளில், களத்தில் சோதித்த பகுதி ஒன்று இருக்குமானால் அதற்குத் தனி மதிப்பு அளிப்பதும், தவறிய சோதனையின் வரலாற்றையும் வெற்றியின் வரலாற்றுக்கு நிகராக ஏற்பதும், ஒரு சுற்றறிக்கையால் செய்துவிடக்கூடிய சீர்திருத்தங்கள்.

ஆரம்பம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு லாரிகளும், ஒரு ஆலையும், பத்து மேடைகளும் முதல் பருவத்திற்குப் போதும். மேற்குக் கரையில் குலை மிகுந்து வருகிற காலமும் மழை மிகுகிற காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு செப்டம்பர் முதல் நவம்பர் வரை வருவதால், வேலை எளிதாக இருக்கும் மாதங்களைத் தேடாமல் செப்டம்பரிலேயே தொடங்கலாம். முகவர் சொன்ன வழியை மண்டோர் மறுத்த ஒவ்வொரு தடவையும், அவர் கூறிய காரணத்தை அவர் கூறியபடியே தமிழிலோ மலாயிலோ எழுதிவைக்க ஒரு பேரேடு வேண்டும். பருவ முடிவில் ஆய்வுக் கட்டுரை எழுதப்படும்போது, அந்தப் பேரேட்டை நிரப்பிய மண்டோர் இசைந்தால், அவருடைய பெயரும் ஆசிரியர்களின் வரிசையில் இடம் பெற வேண்டும்.